சீசர் காதில் பேர் சொன்னவன்

இப்படி உக்காருங்க ஐயா. அந்தத் தூண் ஓரம் வேண்டாம், வாசல் காத்து நேரா அங்கதான் அடிக்கும். திரை விலக இன்னும் நேரம் இருக்கு. சீசர் எந்திரிச்சு, முகம் கழுவி, வீட்டுச் சாமிக்குத் தூபம் போட்ட பிறகுதான் ஆளுங்களைப் பாப்பார். அதுவரைக்கும் செனட்டரானாலும் சரி, செருப்புத் தைக்கிறவனானாலும் சரி, இந்தக் கூடத்துல காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

முசிறியா? அப்படித்தான் நினைச்சேன். மிளகு வாசனை உங்க துணியிலேயே இருக்கு. மடியில என்ன, முத்தா? சரி, சொல்ல வேண்டாம். பெட்டியைக் கீழ மட்டும் வச்சிடாதீங்க. வெள்ளை அங்கி போட்டவன் எல்லாம் யோக்கியன்னு இந்த ஊர்ல யாரும் நம்பறதில்ல. கிரேக்கம் நல்லாவே பேசறீங்களே, அலெக்சாந்திரியாவுல கத்துக்கிட்டதா? நல்லதாப் போச்சு. நமக்கும் பொழுது போகணுமில்ல.

ஒண்ணு சொல்லிடறேன், மனசுல வச்சுக்குங்க. உள்ள போனதும் ராஜான்னு வாய் தவறிக்கூடச் சொல்லிடாதீங்க. ரோமாபுரியில ராஜா கிடையாது. ராஜாவைத் துரத்தி விட்ட ஊர் இது. இவர் முதல் குடிமகன், அவ்வளவுதான். படை அவரோடது, கஜானா அவரோடது, ஆனா ராஜா இல்ல. உங்க ஊர்ல ராஜாவுக்கு ஒரு சபை இருக்குமில்ல? இங்க அதுக்கு செனட்னு பேரு. உங்க சபை ராஜா சொன்னதைக் கேக்கும். எங்க சபை சீசர் சொல்லாததையும் கேக்கும். அங்கதான் எல்லா வினையும்.

எனக்கு என்ன வேலைன்னு கேக்கறீங்களா? நேத்து வரைக்கும் திரைக்கு அந்தப் பக்கம் நின்னவன் நான். சீசரோட இடது தோளுக்குப் பின்னாடி, அவர் மூச்சு விடறது கேக்கற தூரத்துல. ஒவ்வொருத்தரா வரும்போது காதுல பேரைச் சொல்வேன். அவர் உடனே, "வாப்பா, உங்க அப்பா கால் எப்படி இருக்கு?"ன்னு கேப்பார். வந்தவனுக்கு அப்படியே கண் கலங்கிடும். சீசர் நம்ம அப்பா காலையெல்லாம் ஞாபகம் வச்சிருக்காரேன்னு. ஞாபகம் வச்சிருந்தது யாரு? நான். பேரும் நான்தான், காலும் நான்தான். எழுதி வச்சுப் படிக்கிற வேலை கிடையாது, எல்லாம் இங்க, மண்டைக்குள்ள. முப்பது வருஷத்துல ஒரு பேர் மாத்திச் சொன்னதில்ல. அதை யாராவது ஒருநாள் மெச்சிச் சொல்லியிருப்பாங்களா? சொன்னதில்ல. போகட்டும்.

இப்போ கொஞ்ச வருஷமா சீசருக்குக் கண்ணுல பூ விழுந்திருக்கு. எதிர்ல நிக்கறது ஆம்பளையா பொம்பளையான்னுகூட நிழலாத்தான் தெரியும். இது வெளியே தெரியாது, நீங்களும் சொல்லிக்க வேண்டாம். அதனால நான் பேர் சொன்னாத்தான் ஆளு. நான் சொல்லலைன்னா அங்க ஆளே இல்ல. எவ்வளவு பெரிய பொறுப்பு பாருங்க.

பேர் சொன்னதும் முத்தம். உங்களுக்கு அது கிடையாது, பயப்படாதீங்க. செனட்டருங்களுக்கு மட்டும். கன்னத்துல ஒரு முத்தம், சமமானவங்க மாதிரி. அந்த முத்தத்தை வாங்கிட்டுத்தான் அவனவன் வீட்டுக்குப் போய் நிம்மதியாச் சாப்பிடுவான். முத்தம் கிடைச்சா இன்னிக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். யாரும் அப்படிச் சட்டம் போடலை. ஆனா எல்லாருக்கும் தெரியும்.

போன குளிர்காலத்துல நடந்ததைச் சொல்றேன். மனசுல வச்சு வச்சுப் புழுங்கிப் போச்சு.

சீசருக்கு ஒரு சம்பந்தி இருந்தார். பேரைக் கேக்காதீங்க, சொல்லக் கூடாது. ஏன்னு அப்புறம் சொல்றேன். சீசருக்கு முதல் தாரத்துல பொறந்தது ஒரே ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணை இவரோட மகனுக்குத்தான் கட்டிக் குடுத்திருந்தார். சீசரும் சம்பந்தியும் சின்ன வயசுலேர்ந்து சினேகிதம். செனட்டுல சீசரை எதுத்து ஒரு வார்த்தை பேசற ஒரே மனுஷன் சம்பந்திதான். சீசருக்கு அது பிடிக்கும். "நாய்க்குட்டிங்க நடுவுல இவன் ஒருத்தன்தான் குரைக்கிறான்"னு என்கிட்டயே சொல்லியிருக்கார். தினமும் வரிசையில முதல் ஆள் அவர்தான். முதல் முத்தம் அவருக்குத்தான்.

அன்னிக்குக் காலையில சீசருக்குப் பல்வலி. சாதாரண வலி இல்ல, வலது கன்னம் வீங்கி இப்படித் தொங்குது. ராத்திரி பூரா தூக்கம் கிடையாது. சால்வையை இழுத்துக் கன்னத்தை மூடிக்கிட்டு வந்து நின்னார். ரெண்டாம் தாரம் கல்வினா அம்மா என்னையும் வைத்தியனையும் தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க: "சீசருக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. போனா நாளைக்கே கூட்டம் எல்லாம் மாப்பிள்ளை பக்கம் சாஞ்சிடும்."

மாப்பிள்ளைன்னா அந்தப் பொண்ணோட புருஷன்தான். கல்வினா அம்மாவுக்கு முதல் புருஷன் மூலமா ஒரு மகன் இருக்கார். சீசருக்கு அப்புறம் தன் மகன் வரணும்னு அந்தம்மாவுக்கு ஆசை. குத்தம் சொல்ல மாட்டேன், பெத்தவ தன் பிள்ளைக்குத்தானே பாப்பா.

திரை விலகிச்சு. சம்பந்தி வந்தார். நான் பேர் சொன்னேன், சுத்தமா, தெளிவா. அவர் வழக்கம் போல சிரிச்சுக்கிட்டே வலது கன்னத்துப் பக்கம் குனிஞ்சார். தாடி உரசியிருக்கும். சீசர் வெடுக்குன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டார்.

அவ்வளவுதான். கூடம் பூரா பாத்துச்சு.

சீசர் வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டார். வைத்தியன் ஓடிவந்து உங்க ஊர்க் கப்பல்ல வந்த கிராம்பை இடிச்சு, அபினிச் சாத்துல குழைச்சு, பல்லுல வச்சு அமுக்கினான். வலி கொஞ்சம் அமந்துச்சு. திரும்பி வந்தார். காத்திருக்கிறவங்களை ஏமாத்தக் கூடாதேன்னு, பாவம், அந்த வலியிலயும் இடது கன்னத்தைக் காட்டி மிச்சம் இருந்த அத்தனை பேருக்கும் முத்தம் குடுத்தார். அத்தனை பேருக்கும், ஐயா. சம்பந்தி ஒருத்தரைத் தவிர. அவர்தான் முதல்லயே வந்து ஓரமா ஒதுங்கி நின்னுட்டாரே.

வெளியே போகும்போது அவர் என்கிட்ட வந்தார். முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. "நீ பக்கத்துல நின்னே. என்கிட்ட ஏன் முகத்தைத் திருப்பினார்? உனக்குத் தெரியாம இருக்காது"ன்னு கேட்டார்.

எனக்குத் தெரியும். பல்வலின்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா ஐயா, என் வேலை பேர் சொல்றது. "நான் பேர் சொல்றவன் ஐயா, காரணம் சொல்றவன் இல்ல"ன்னேன். அவர் என் தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போயிட்டார். என் நேர்மையை மெச்சித்தான் தட்டியிருப்பார். நல்ல மனுஷன்.

மத்தியானத்துக்குள்ள அவர் தெருவுல ஈ காக்கா இல்ல. தினமும் அவர் வீட்டுல விருந்து சாப்பிடறவங்க எல்லாரும் சுத்து வழியில போனாங்களாம். சாயங்காலம் அவர் வெந்நீர்த் தொட்டியில இறங்கி உக்காந்து, மணிக்கட்டு நரம்பை அறுத்துக்கிட்டார். ஏன்னு உங்களுக்குப் புரியாது. வெளியூர்க்காரர். எங்க வழக்கம் அது. விசாரணைக்கு முன்னாடியே செத்துட்டா சொத்து பிள்ளைங்களுக்கு நிக்கும். விசாரணையில தோத்துச் செத்தா எல்லாம் போயிடும். பிள்ளையையும் மருமகளையும் நினைச்சு முந்திக்கிட்டார். விசாரணையே கிடையாதுன்னு அவருக்கு யார் சொல்றது?

சேதி வந்ததும் சீசர் அப்படியே உக்காந்துட்டார். "ஏன்? அவன் ஏன் இப்படிப் பண்ணான்?" அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டார். முகத்தைத் திருப்பினது அவருக்கு ஞாபகமே இல்ல. பல்வலியில மனுஷனுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? "காலையில அவன் ஏதாவது சொன்னானா?"ன்னு என்கிட்ட கேட்டார். "நான் அவர் பேரைச் சொன்னேன் சீசர். சரியாத்தான் சொன்னேன்"னு சொன்னேன்.

கல்வினா அம்மாதான் பதில் சொன்னாங்க. "மடியில கனம் இல்லாதவன் ஏன் சாகணும்?"

சீசர் அதுக்கு ஒண்ணும் சொல்லலை. ஒண்ணும் சொல்லாததுதான் செனட்டுக்குப் போய்ச் சேந்துச்சு.

அடுத்த நாள் சபையில நானும் இருந்தேன், நாற்காலிக்குப் பின்னாடி. எந்திரிக்கிறவங்க பேரை எல்லாம் நான்தானே சொல்லணும். முதல்ல ஒருத்தர் எந்திரிச்சு, சீசரைப் பெரிய சதியிலேர்ந்து சாமி காப்பாத்திடுச்சு, கோவில்ல பூசை போடணும்னார். என்ன சதி? யாருக்கும் தெரியாது. சீசர் கையைத் தூக்கி, "கொஞ்சம் பொறுங்க, யோசிக்கலாம்"னார். பூசை மட்டும் போதாதுன்னு சொல்றார்னு அவங்களுக்குப் பட்டுது. ரெண்டாவது ஆள், சம்பந்தி சிலையை எல்லாம் உடைக்கணும்னார். சீசர், "வேண்டாம், விடுங்க"ன்னார். அதுவும் போதலைன்னு நினைச்சான் மூணாவது ஆள். அந்தக் குடும்பத்துப் பேரையே இனிமே யாரும் வாயால சொல்லக் கூடாது, கல்லுல இருந்தாலும் செதுக்கி எடுக்கணும்னான். எல்லாரும் கை தட்டினாங்க. தட்டிக்கிட்டே கல்வினா அம்மாவோட மகன் முகத்தை ஓரக்கண்ணால பாத்தாங்க. அவர் லேசாத் தலையை ஆட்டினார். முடிஞ்சுது.

அதனாலதான் பேர் சொல்ல மாட்டேன்னேன். சட்டம் ஐயா. ஊர்ல எவன் மறந்தாலும் நான் மறக்கலாமா? பேரே என் தொழில்.

மாப்பிள்ளை அப்போ படையோட வடக்கே இருந்தார். சேதி போன வேகத்துலயே அவரை அங்க முடிச்சிட்டாங்க. யார் உத்தரவுன்னு சீசருக்கே தெரியாது. மிச்சம் இருந்தது அந்தப் பொண்ணு ஒண்ணுதான். அவளைத் தீவாந்தரம் அனுப்பணும்னு சபையில பேச்சு கிளம்பிச்சு. மறுநாள் சாயங்காலம் ஓட்டெடுப்பு.

அன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல சீசர் சொன்னதை என் காதால கேட்டேன். "அவ என் மக. நாளைக்குக் காலையில வந்து அப்பான்னு ஒரு வார்த்தை கூப்பிடட்டும், போதும். செனட்டாவது மண்ணாவது, நானே எந்திரிச்சுத் தடுத்துக்கறேன். ஆனா அவளா வரட்டும். நான் கூப்பிட்டனுப்பினா பயந்துட்டேன்னு சொல்வாங்க." கல்வினா அம்மா பழத்தை உரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

காலையில அந்தப் பொண்ணு வந்தா ஐயா. இதோ, இதே கூடத்துலதான். கறுப்புத் துணியால தலையை மூடிக்கிட்டு, வளத்த தாதி கையைப் பிடிச்சுக்கிட்டு. வரிசையில எல்லாரும் ரெண்டு அடி தள்ளி நின்னாங்க. அவ முறை வந்துச்சு. நான் திரை ஓரமா வந்து நின்னேன். பேர் கேக்கணுமே, வழக்கம். எனக்கு அவளைப் பொறந்ததுலேர்ந்து தெரியும். இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான்.

"என் பேரைச் சொல்லு"ன்னா.

அங்கதான் சிக்கல். எங்க ஊர்ல கல்யாணம் ஆன பெரிய வீட்டுப் பொண்ணை வாசல்ல இன்னார் மனைவின்னுதான் சொல்லணும். இன்னார் பேரைத்தான் சொல்லக் கூடாதே. "அம்மா, அந்தப் பேர் இப்போ சட்டத்துல இல்ல"ன்னேன், மெதுவா, மரியாதையாத்தான் சொன்னேன்.

"அப்போ சீசர் பொண்ணுன்னு சொல்லு."

"அது உறவு, அம்மா. பேர் இல்ல. உறவு சொல்றது என் வேலை இல்ல."

அவ நம்பவே முடியாத மாதிரி என்னைப் பாத்தா. "அப்பா காதுல எதையாவது சொல்லு. நான் வந்திருக்கேன்னு மட்டும் சொல்லு"ன்னா. அழலை. குரலும் உசத்தலை. சீசர் பொண்ணு, செனட்டருங்க நடுவுல கத்துவாளா?

உள்ளேர்ந்து சீசர் கேட்டார், "அடுத்தது யாரு?" அன்னிக்கு அவர் குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. எதையோ எதிர்பாத்துக்கிட்டு இருக்கற மாதிரி.

நான் என்ன சொல்ல முடியும்? பொய் சொல்லலாமா? சட்டத்தை மீறலாமா? "யாரும் இல்ல, சீசர்"னேன்.

திரை விலகலை. அந்தப் பக்கம் அவர் உக்காந்திருக்கார். இந்தப் பக்கம் இவ நிக்கறா. நடுவுல ஒரு துணிதான். அப்பாவே அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கார்னு நினைச்சுக்கிட்டா போல. திரையைப் பாத்துத் தலை குனிஞ்சு கும்பிட்டுட்டுத் திரும்பிப் போயிட்டா. தாதி மட்டும் என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா.

அன்னிக்குக் கடைசி ஆள் போற வரைக்கும் சீசர் "அடுத்தது யாரு, அடுத்தது யாரு"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். எல்லாரும் போன பிறகும் எந்திரிக்கலை. "அவ வரலையே"ன்னார். எனக்கே பாவமா இருந்துச்சு. சாயங்காலம் சபையில ஓட்டெடுப்பு நடந்தப்போ அவர் கையையும் தூக்கலை, வாயையும் தொறக்கலை. "என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கக்கூட அவளுக்கு மனசு வரலை. போகட்டும்"னு சொல்லிட்டார். கப்பல் ஏத்திட்டாங்க.

ஏன் ஐயா அப்படிப் பாக்கறீங்க? நான் சட்டப்படி நடந்தேன். அதே கூடத்துல அத்தனை செனட்டருங்க நின்னாங்களே, அவளைப் பாத்தாங்களே. ஒருத்தன், ஒரே ஒருத்தன், சீசர் உங்க மக வாசல்ல நிக்கறாள்னு சொன்னானா? என் தப்பா அது? என்னை மட்டும் பாத்தா எப்படி?

அப்புறம் அந்தத் தீவுல அவ சாப்பிடறதை நிறுத்திட்டாளாம். இளவேனில் வரைக்கும்கூடத் தாங்கலை. சீசர்கிட்ட யாரும் சொல்லலை. கல்வினா அம்மா சொல்ல வேண்டாம்னுட்டாங்க.

இப்போ, முந்தாநாள், அந்தத் தாதி திரும்பி வந்துட்டா. கையில ஒரு சின்ன மண் ஜாடி. வரிசையில நின்னா. நான் பேர் கேட்டேன். "கிரேஸ்தே"ன்னா. அடிமைப் பேர், அதுக்குச் சட்டத்துல ஒரு தடையும் கிடையாது. நான் போய்ச் சுத்தமாச் சொன்னேன், "கிரேஸ்தே, சீசர்." பாத்தீங்களா, எனக்கு யார் மேலயும் பகை கிடையாது. பேர் இருந்தா சொல்லுவேன்.

அவ உள்ள போனா. ஜாடியை சீசர் கையில குடுத்தா. சாம்பல். அவர் தடவித் தடவிப் பாத்தார். அந்தக் காலையில வாசல்ல நடந்ததை அவ ஒண்ணு விடாம சொன்னா. என்ன கேட்டா, நான் என்ன சொன்னேன், எல்லாம்.

சீசர் என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு வாசல்ல யாரும் இல்லைன்னியே?"

"ஆமாம் சீசர். சட்டப்படி யாரும் இல்ல."

கத்துவார்னு நினைச்சேன். கத்தலை ஐயா. கோபமே இல்ல. அந்தப் பூ விழுந்த கண்ணால என்னை நேராப் பாத்தார். முப்பது வருஷத்துல அவர் என்னைத் திரும்பிப் பாத்ததே அன்னிக்குத்தான், எப்பவும் பின்னாடிதானே நிப்பேன். "நீ ரொம்ப நாளா நின்னுட்டே"ன்னார். "நாளைக்கு ஒரு நாள் வேலையை வேற ஒருத்தனுக்குச் சொல்லிக் குடு. நாளன்னிக்கு நீ இந்தப் பக்கம் நிக்க வேண்டாம். வரிசையில வா. வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு, எல்லாரையும் மாதிரி வா. உன் பேரை அவன் சொல்லட்டும்."

கேட்டீங்களா! என்னை! அடிமைச் சந்தையிலேர்ந்து வந்தவனை! செனட்டருங்க நிக்கற வரிசையில! அதான் இந்த அங்கி. புதுசு, இன்னும் மடிப்பு சரியா உக்காரலை. காலையில வீட்டுக்கே ரெண்டு காவல்காரங்களை அனுப்பியிருந்தார் கூட்டிட்டு வர. அதோ, தூண்கிட்ட நிக்கறாங்களே, அவங்கதான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசலை. மரியாதை. செனட்டருங்க எல்லாம் என்கிட்டேர்ந்து ரெண்டு அடி தள்ளித்தான் நிக்கறாங்க, பாத்தீங்களா? பொறாமை. வேற என்ன?

அதோ, திரை அசையுது. புது ஆளு வர்றான். ஸ்பெயின்காரன், நேத்து பூரா நான்தான் சொல்லிக் குடுத்தேன், நிதானமாக் கேட்டுக்கிட்டான். முன்னாடி இருக்கறவர்கிட்ட பேர் கேக்கறான் பாருங்க. நல்லாத்தான் கேக்கறான். இப்போ உங்க கிட்ட. சொல்லுங்க, பயப்படாதீங்க. பெருஞ்சாத்தனா உங்க பேரு? இல்லப்பா, அப்படி இல்ல, "ஞ்சா"வை அழுத்திச் சொல்லு. ஆங், அதேதான்.

அட, இங்க வாப்பா. இவருக்கு முன்னாடி நான் இருக்கேன், என்னை விட்டுட்டியே.

பின்னாடி இருக்கறவர்கிட்ட போயிட்டான். தெரிஞ்ச ஆளுதானேன்னு நினைச்சிருப்பான். இருந்தாலும் கேக்கணும், வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல. நானே அவளைக் கேட்டேனே. புதுசு, பழகிடும்.

முன்னாடி இருந்தவர் உள்ள போயிட்டார். உங்களுக்கு முன்னாடி நான் போகணும், வரிசைப்படி இப்போ என் முறைதான். சீசர் குரல், கேக்குதா? "அடுத்தது யாரு?"

என்ன சொன்னான் அவன், "யாரும் இல்ல"ன்னா? நீங்க கேட்டீங்களா? இல்ல, தப்பாச் சொல்றான். புது ஆளு, குழம்பிட்டான். இதோ நான் நிக்கறேனே, இங்கதானே நிக்கறேன்.

உங்களைக் கூப்பிடறாங்க ஐயா. போங்க. இந்தக் காவல்காரங்க எதுக்குக் கிட்ட வர்றாங்கன்னு தெரியலை. கையை விடுப்பா, என்ன இது, அங்கி கசங்குது. ஐயா, ஒரு நிமிஷம். உள்ள போனதும் சீசர்கிட்ட ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. வாசல்ல நான் நிக்கறேன்னு சொல்லுங்க. இவ்வளவு நேரம் பேசினோம், நீங்க கேக்கவே இல்லையே. ஐயா, போறதுக்கு முன்னாடி என் பேரைக் கேட்டுக்கிட்டுப் போங்க.